சைக்கிள் பார்சலும் நாங்கள் தர வேண்டிய கணக்கும்



2024 இல் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளின் பழுதான சைக்கிள்களைத் திருத்துவதற்கென்று உங்களிடம் காசு கேட்டோம். ஊரில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் தந்தீர்கள். மொத்தம் 96,500 ரூபா சேர்ந்தது. அந்தக் காசுக்கு என்ன நடந்தது என்று பலர் எங்களிடம் கேட்டீர்கள். சிலர் எங்களிடம் கேட்காமல் மற்றவர்களிடம் கேட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கடைசி சைக்கிளும் ஓடின பிறகு எழுதுவோம் என்று இருந்ததில் தாமதமாகிவிட்டது.

கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். இதில் எங்கள் பிழையும் இருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒரே பிரிவில் ஆசிரியர் கலாசாலையில் படித்து வெளியேறி, இப்போது ஒரே பாடசாலையில் கணிதமும் விஞ்ஞானமும் தமிழும் படிப்பிக்கிறோம். 2022 இல் பெற்றோல் இல்லாத நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிள்களை வீட்டில் நிறுத்திவிட்டு மூன்று பேரும் ஜப்பானில் இருந்து வந்த பழைய சைக்கிள்களை வாங்கினோம். ஊரில் பலரும் அதையேதான் வாங்கினார்கள். வாப்பாமார் வாங்கின அந்தச் சைக்கிள்கள், பெற்றோல் திரும்பி வந்த பிறகு பிள்ளைகளின் கைக்குப் போயின.

அந்த ஜப்பான் சைக்கிள்களில் பல, பின் சில்லுக்குள்ளேயே மூன்று கியர் வைத்தவை. அச்சின் வலப்பக்க நுனியில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கைபிடியில் இருந்து வரும் கேபிள் அந்தப் பெட்டியை இயக்க, அது உள்ளே ஒரு கம்பியைத் தள்ள, கியர் மாறும். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பெட்டிதான். பாடசாலைக் கொட்டிலில் நாற்பது சைக்கிள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாத்தியிருந்தால் விழாமல் என்ன செய்யும்? அந்தப் பெட்டி உடைந்தால் சைக்கிள் ஒரே கியரில் நின்றுவிடும், இல்லாவிட்டால் உழக்கும்போது வழுக்கும். 2024 இல் எண்ணிப் பார்த்தபோது அப்படி 14 சைக்கிள்கள். எட்டில் டயரும் தேய்ந்து நூல் தெரிந்தது.

அதில் ஒன்று தரம் 10 இல் படிக்கும் ஒரு மகளுடையது. வீடு வயலுக்கு அப்பால், பாடசாலைக்கு ஆறு கிலோமீற்றர். அந்தப் பாதையில் பஸ் இல்லை. வாப்பா கூலி வேலைக்கு விடியவே போய்விடுவார். அந்த மகள் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. வருவதைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

காசு சேர்ந்ததும் இணையத்தில் தேடினோம். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் எல்லாம் இருந்தது. கியர்ப் பெட்டியும் கம்பியும் சேர்ந்த செட் 14, கைபிடியில் பூட்டும் கியர் மாற்றி 6, டயர் 8. பொருளின் விலை 180 டொலர். கொண்டுவரும் கூலி 94 டொலர். டொலர் 300 ரூபாப்படி பொருளுக்கு 54,000, கூலிக்கு 28,200, ஆக 82,200 ரூபா. கையில் மிச்சம் 14,300.

வரியையும் யோசிக்காமல் இல்லை. அந்த வருடம் ஜனவரி முதலாம் திகதியில் இருந்து வற் 18 வீதமாகியிருந்தது. 54,000 இல் 18 வீதம் 9,720. அதைக் கட்டினாலும் 4,580 மிஞ்சும், சைக்கிள் கடைக் காக்காவின் கூலிக்கு அது போதும் என்று ஒரு தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டோம். அந்தத் தாளை எழுதிய கை கணித ஆசிரியருடையது. அதை இன்னும் பைலில் வைத்திருக்கிறோம்.

அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது என்று உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஊரில் இப்போது சின்னப் பிள்ளையும் போனில் வெளிநாட்டுச் சாமான் ஓடர் பண்ணுகிறது.

முதலாவது, சுங்கம் பார்ப்பது பொருளின் விலையை மட்டும் அல்ல. விலை, காப்புறுதி, கொண்டுவரும் கூலி மூன்றையும் கூட்டித்தான் பெறுமதி எடுப்பார்கள். சி.ஐ.எப். பெறுமதி என்பது அதுதான். நாங்கள் 54,000 க்குக் கணக்குப் பார்த்தோம். பார்க்க வேண்டியது 82,200 க்கு. கூலிக்கும் வரி உண்டு என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

இரண்டாவது, வற் மட்டும் வரி அல்ல. சுங்கத் தீர்வை ஒன்று. துறைமுக, விமானநிலைய அபிவிருத்தி வரி ஒன்று. 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம். சில சாமான்களுக்கு செஸ் வரியும் உண்டு. 1979 ஆம் ஆண்டின் ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அறவிடப்படும் வரி அது. உள்ளூரில் செய்யப்படும் பொருளுக்குப் பாதுகாப்பாகவும் அதைப் போடுவார்கள். சைக்கிள் டயர் இலங்கையிலேயே செய்யப்படும் சாமான்.

மூன்றாவது, வரிக்கு மேல் வரி விழும். கரும்பலகையில் எழுதுவது போல் ஒரு கணக்கைப் பாருங்கள். சுங்கப் பெறுமதி 100 ரூபா. தீர்வை 20 வீதம், துறைமுக வரி 10 வீதம் என்று கணக்குக்காக வைப்போம். 20 உம் 10 உம் 30 ரூபா. இனி வற். அதை 100 ரூபாவுக்குப் போடுவதில்லை. பெறுமதியோடு இன்னொரு பத்து வீதத்தைச் சேர்த்து 110 ஆக்கி, அதோடு அந்த 30 ஐயும் கூட்டி, 140 ரூபாவுக்குத்தான் 18 வீதம் போடுவார்கள். அது 25 ரூபா 20 சதம். சமூகப் பாதுகாப்பு வரி ஏறத்தாழ மூன்றரை ரூபா. எல்லாம் கூட்டினால் 58 ரூபா 70 சதம். நூறு ரூபாச் சாமான் கிட்டத்தட்ட 159 ரூபாவுக்குத்தான் கைக்கு வரும். செஸ் இருந்தால் இன்னும் கூடும்.

நாலாவது, “சைக்கிள் சாமான்” என்று ஒரு வகை சுங்கப் புத்தகத்தில் இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இலக்கம் உண்டு. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுவதற்கும் பொது, 1988 இல் இருந்து நடைமுறையில் உள்ளது. இங்கே அதை எட்டு இலக்கம் வரை நீட்டியிருக்கிறார்கள். பிரேம், ரிம், ஹப், பிரேக், சீட், பெடல் எல்லாம் 8714 இல் வரும். ஆனால் டயர் இறப்பர் சாமான், 4011. டியூப் 4013. செயின் இரும்புச் சங்கிலியாகக் கணிக்கப்பட்டு 7315 க்குப் போகும். லைட் 8512, காற்றடிக்கும் பம் 8414. ஒரே பெட்டிக்குள் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வீதம் இருக்கலாம். வீதங்கள் வர்த்தமானியில் மாறிக்கொண்டும் இருக்கும். சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தீர்வை அட்டவணை இருக்கிறது. ஓடர் பண்ணுவதற்கு முன்னர் இலக்கத்தைத் தேடி அன்றைய வீதத்தைப் பார்க்க அரை மணித்தியாலம் போதும். அந்த அரை மணித்தியாலத்தை நாங்கள் செலவழிக்கவில்லை.

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம். கணக்குப் பிழை சின்னது. இது பெரியது.

சாமானை அனுப்புவதற்கு முன்னர் விற்பனையாளர் ஒரு மெசேஜ் போட்டார். “பில்லில் 22 டொலர் என்றும் அன்பளிப்பு என்றும் போடுகிறேன், உங்களுக்கு வரி குறையும், சரியா?” என்று கேட்டிருந்தார். இரவு ஒன்பது மணியிருக்கும். எங்கள் மூன்று பேரின் வட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டோம். “எல்லாரும் இப்பிடித்தானே செய்யிறாங்க” என்று ஒருவர் எழுதினார். “பிள்ளைகளுக்குத்தானே, எங்களுக்கா?” என்று மற்றவர் எழுதினார். மூன்றாமவர் எதுவும் எழுதவில்லை. யார் எதை எழுதினார் என்று இங்கே சொல்லமாட்டோம். மூன்று பேரும் சேர்ந்து செய்ததுதான். விற்பனையாளருக்கு ஓர் எழுத்தும் பதில் அனுப்பாமல் விட்டோம். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பார்சல் கொழும்புக்கு வந்து நின்றது. கொண்டுவந்த கூரியர் நிறுவனத்தில் இருந்து போன் வந்தது. எட்டு டயர் இருக்கும் பெட்டிக்கு 22 டொலரா என்று சுங்கத்தில் கேட்கிறார்கள், காசு கட்டிய வங்கிப் பதிவை அனுப்புங்கள் என்றார்கள்.

வங்கிப் பதிவில் 274 டொலர். கையில் இருந்த பில்லில் 22.

அன்று அஸருக்குப் பிறகு மூன்று பேரும் ஒருவர் வீட்டில் கூடினோம். கொம்பியூட்டர் வேலை தெரிந்த உறவுக்காரத் தம்பி ஒருவரும் இருந்தார். பதிவைப் பார்த்துவிட்டு, “ரெண்டு நிமிஷ வேல சேர். இலக்கத்த மாத்தித் தாறன், ஒருத்தருக்கும் விளங்காது” என்றார். அவர் கெட்ட பிள்ளை அல்ல. எங்களுக்கு உதவத்தான் நினைத்தார்.

அந்த மாதம்தான் எங்கள் வகுப்பு மாணவன் ஒருவன் தவணை அறிக்கையில் 32 புள்ளியை 82 ஆக்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். அவனுடைய உம்மாவை வரவழைத்து, அதிபரின் அறையில் அவனை நிறுத்தி, இலக்கத்தை மாற்றுவது எவ்வளவு பெரிய பொய் என்று அரை மணித்தியாலம் பேசியவர்கள் நாங்கள்தான். அவன் அழுதான். அந்த மூன்றும் எட்டும் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தம்பியின் லெப்டொப்பை ஒருவர் மெதுவாக மூடினார். யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை.

உண்மையான பதிவை அனுப்பினோம். அதோடு பில்லில் இருக்கும் விலை சரியல்ல, சரியான விலை இதுதான் என்று ஒரு கடிதமும் எழுதினோம். சுங்கத்துக்குப் பொய் விலை கொடுத்தால் சாமானைப் பறிமுதல் செய்யவும் தண்டம் போடவும் சட்டத்தில் இடம் உண்டு. எங்களுக்கு அது நடக்கவில்லை. உண்மை விலைக்கு வரி போட்டுத் தந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எங்களுக்கு நடக்கவில்லை என்பதை வைத்து யாரும் துணிந்துவிட வேண்டாம்.

வரி 49,340 ரூபா. நிறுவனத்தின் விடுவிப்புக் கட்டணமும், பார்சல் நின்ற நாட்களுக்கான களஞ்சியக் கூலியும் 6,200. ஆக 55,540 ரூபா. எங்களிடம் இருந்தது 14,300. போதாதது 41,240.

உங்களிடம் இன்னொரு முறை கேட்கலாம் என்று ஓர் யோசனை வந்தது. அதை விட்டுவிட்டோம். நீங்கள் தந்தது சைக்கிள் திருத்துவதற்கு, எங்கள் தெரியாத்தனத்துக்கு அல்ல. களஞ்சியக் கூலி எங்கள் பொய்யால் வந்தது. அதை அமானிதக் காசில் இருந்து எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. மூன்று பேரும் ஆளுக்கு ஏறத்தாழ 13,750 ரூபா போட்டோம். ஒருவர் சீட்டை முன்கூட்டி எடுத்தார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. காசு எங்கிருந்து வந்தது என்று கணக்கில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

பார்சல் கைக்கு வந்ததும் சைக்கிள் கடைக் காக்காவிடம் கொண்டுபோனோம். கியர்ப் பெட்டிகளைக் கையில் வைத்துப் பார்த்தார். “நல்ல சாமான், இது இங்க இல்லதான்” என்றார். பிறகு டயரைத் தூக்கிப் பார்த்தார்.

“இத எதுக்கு சேர் வெளிய இருந்து எடுத்த? கல்முனையில இருக்கே. 2,600 ரூபா. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே.”

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். ஒரு டயரின் விலை 2,325 ரூபாதான். அதனால்தான் மலிவு என்று நினைத்தோம். ஆனால் பெட்டியின் பாரத்தில் முக்கால்வாசி டயர்தான். கூலியில் முக்கால்வாசியை எட்டால் பிரித்தால் டயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 2,640. இரண்டும் சேர்ந்த தொகைக்கு வரி வேறு. ஒவ்வொரு டயரும் எட்டாயிரம் ரூபாவுக்குக் கிட்ட வந்து முடிந்திருக்கிறது. அந்த எட்டு டயர்களையும் கல்முனையில் வாங்கி, சின்னச் சாமான்களை மட்டும் வெளியில் இருந்து எடுத்திருந்தால், உங்கள் காசிலேயே எல்லாம் முடிந்து மிச்சமும் வந்திருக்கும்.

காக்கா இன்னொன்றும் சொன்னார். 14 இல் ஐந்து சைக்கிளின் ஹப் உள்ளேயே தேய்ந்துவிட்டது, புதுப் பெட்டி போட்டும் பிரயோசனம் இல்லை. அவற்றுக்குக் கியரைக் கழற்றிவிட்டு இங்கே கிடைக்கும் சாதாரணப் பின் சில்லைப் பூட்டினார். பழைய சில்லுகளைத் தேடி எடுத்து, கூலியைப் பாதியாக்கி, மிச்சத்தைத் தன்னுடைய ஸதக்கா என்றார். அவர் வாங்கின கூலியும் எங்கள் கைக்காசுதான். ஓடரில் வந்த 14 செட்டில் ஒன்பதுதான் பாவித்தோம்.

இவ்வளவும் நடந்து முடிய ஐந்து வாரத்துக்கு மேல் போனது. வரவுப் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தோம். வயலுக்கு அப்பால் இருந்து வரும் அந்த மகள் அந்த நாட்களில் 11 நாள் வரவில்லை. 41,240 ரூபாவை நாங்கள் சம்பளத்தில் ஈடுகட்டினோம். அந்த 11 நாளை எதில் ஈடுகட்டுவது? அவருடைய சைக்கிளுக்குத் தேவைப்பட்டது ஐந்து டொலர்ப் பெட்டி ஒன்றும் கல்முனையில் கிடைக்கும் டயர் ஒன்றும்தான். நாங்கள் கேட்டு நடந்திருந்தால் டயராவது அடுத்த நாளே பூட்டியிருக்கும். பின்னேரங்களில் அவருக்குக் கணிதமும் விஞ்ஞானமும் தனியாகச் சொல்லிக் கொடுத்தோம். இப்போது காலையில் மணி அடிப்பதற்கு முன்னர் வந்துவிடுகிறார்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாட்டில் செய்யப்படாத, ஏழைப் பிள்ளை பாடசாலைக்கு வருவதற்கான ஐந்து டொலர்ச் சாமானுக்கு வரிக்கு மேல் வரி போடுவது சரியா என்று கேட்டால், சரியில்லை என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். பெற்றோல் இல்லாத நாட்களில் சைக்கிள் என்ன செய்தது என்று எல்லோரும் கண்டோம். இதைச் சொல்லலாம், எழுதலாம், வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கேட்கலாம். ஆனால் வரி அநியாயம் என்பதால் பில்லில் பொய் எழுதலாம் என்று ஆகிவிடாது. அந்த வரியில் இருந்துதான் எங்கள் மூன்று பேரின் சம்பளமும் வருகிறது, பிள்ளைகளின் இலவசப் பாடப் புத்தகமும் வருகிறது.

இனி வெளிநாட்டில் இருந்து சைக்கிள் சாமான் எடுக்கப் போகிறவர்களுக்கு நாங்கள் பட்டறிந்ததைச் சொல்கிறோம்.

முதலில் ஊரில் சைக்கிள் திருத்துபவரிடம் கேளுங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளிலும் ஒரு சுற்று விசாரியுங்கள்.

டயர், டியூப், சீட் போன்ற பாரமான, இடம் பிடிக்கும் சாமானை வெளியில் இருந்து எடுக்காதீர்கள். கூலியும் கூடும், கூலிக்கு வரியும் கூடும். இங்கே இல்லாத சின்னச் சாமானை மட்டும் எடுங்கள்.

விலையையும் கூலியையும் கூட்டி, அதில் அறுபது வீதத்தை வரிக்கென்று ஒதுக்கி வையுங்கள். விடுவிப்புக் கட்டணத்தை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். அவ்வளவுக்கும் காசு இருந்தால் ஓடர் பண்ணுங்கள். குறைவாக வந்தால் சந்தோசம்.

விற்பனையாளர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். உண்மை விலையைப் போடச் சொல்லி நீங்களே முதலில் எழுதுங்கள். காசு கட்டிய பதிவைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாகக் கணக்கு. நீங்கள் தந்தது 96,500. எங்கள் மூன்று பேரின் காசு 41,240. மொத்தம் 137,740. சாமானுக்கும் கூலிக்கும் 82,200. வரிக்கும் கட்டணங்களுக்கும் 55,540. மிச்சம் இல்லை. பாவிக்காத ஐந்து கியர்ப் பெட்டிகள் விஞ்ஞான ஆய்வுகூட அலுமாரியில் இருக்கின்றன. ஊரில் எந்தப் பிள்ளையின் சைக்கிளுக்குத் தேவைப்பட்டாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். பில்கள், வங்கிப் பதிவு, 22 டொலர் போட்ட அந்தப் பொய் பில், இரண்டு கோடு போட்ட எங்கள் தாள் எல்லாம் ஒரு பைலில் ஆசிரியர் அறையில் இருக்கின்றன. பாடசாலை நாட்களில் யாரும் வந்து பார்க்கலாம்.

தந்தவர்கள் எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் காசை இதைவிட நன்றாகச் செலவழித்திருக்கலாம்.

கொட்டிலில் சைக்கிள்கள் இன்னும் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் நிற்கின்றன. நிறுத்துவதற்கு இரும்புச் சட்டம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிகள் திரும்பவும் உடையும். அதற்காக இன்ஷா அல்லாஹ் ஒருநாள் உங்கள் வாசலுக்கு வருவோம். வந்தால் முதலில் எங்களிடம் கேளுங்கள்: “காக்காக்கிட்ட கேட்டாச்சா சேர்?”